கருந்துளையை மறைப்பது தூசியா, வாயுவா?

கேள்வி இதுதான்: தொலைதூர கேலக்ஸிகளின் நடுவில் இருக்கும் ராட்சதக் கருந்துளைகளைச் சுற்றியுள்ள பகுதி, அந்த கேலக்ஸியின் மொத்த விண்மீன்களையும்விட அதிகமாக ஒளிவிடும் என்கிறார்கள். கூடவே, அவற்றில் பெரும்பாலானவை தூசிக்கும் வாயுவுக்கும் பின்னால் மறைந்திருக்கின்றன என்றும் சொல்கிறார்கள். அவ்வளவு பெரிய வெளிச்சத்தைப் போயும் போயும் தூசி எப்படி மறைக்கும்? மறைந்திருப்பது இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது?

சுருக்கமாகச் சொன்னால், மறைக்கிறது, நன்றாகவே மறைக்கிறது. நமக்கு அருகில் உள்ள கேலக்ஸிகளை எடுத்துக்கொண்டால், தீனி எடுத்துக்கொண்டிருக்கும் கருந்துளைகளில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு இப்படி மூடிக் கிடக்கின்றன. ஆனால் "தூசியும் வாயுவும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. தூசி மறைக்கும் ஒளி வேறு, வாயு மறைக்கும் ஒளி வேறு. அவை இருக்கும் இடமும் எல்லா நேரமும் ஒன்றல்ல. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டதுதான் கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்தத் துறை கண்ட பெரிய முன்னேற்றம் என்பேன். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி காட்டும் புதிய புதிர்களும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கின்றன.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். சில லட்சம் முதல் பல நூறு கோடி சூரியன்களின் எடை கொண்ட கருந்துளை. அதைச் சுற்றி, உள்ளே விழக் காத்திருக்கும் வாயு தட்டையாகச் சுழல்கிறது. உராய்வில் சூடேறி, புற ஊதாவிலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் கொட்டுகிறது. கருந்துளையை ஒட்டிய மிகச் சூடான பகுதியிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறது. இவ்வளவும் சில ஒளி-நாள் அகலத்துக்குள் நடந்துவிடுகிறது. கேலக்ஸியோ லட்சம் ஒளியாண்டு அகலம். 1963-ல் மார்ட்டன் ஷ்மிட் தூரம் கண்டுபிடித்த 3சி 273 என்ற குவேசார் (இப்படி மிகப் பிரகாசமாக ஒளிரும் கேலக்ஸி மையத்துக்கு அந்தப் பெயர்) 240 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. ஆனாலும் வீட்டு மொட்டைமாடியில் வைக்கும் எட்டு அங்குலத் தொலைநோக்கியில் ஒரு சின்னப் புள்ளியாகத் தெரிந்துவிடும். மறைப்பு இல்லாமல் பார்த்தால் அவ்வளவு வெளிச்சம்.

சரி, இனி தூசிக்கு வருவோம். விண்வெளித் தூசி என்பது நம் ஜன்னல் கம்பியில் படியும் தூசி அல்ல. சிலிக்கேட், கிராஃபைட் போன்ற பொருட்களின் நுண்துகள்கள். பெரும்பாலும் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பத்தில் ஒரு பங்கு அளவு, அதைவிடச் சிறியதும் உண்டு. நம் பால்வீதியில் வாயுவின் எடையோடு ஒப்பிட்டால் தூசி நூற்றில் ஒரு பங்குதான். இவ்வளவு குறைவாக இருந்தும் அது ஒளியை ஏன் இப்படித் தடுக்கிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம்.

மிக மோசமாக மறைக்கப்பட்ட ஒரு கருந்துளையை எடுத்துக்கொள்வோம். அதற்கும் நமக்கும் நடுவே, ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள கற்பனைக் குழாய் ஒன்றைப் போட்டு, அதிலுள்ள வாயு முழுவதையும் திரட்டினால் என்ன எடை வரும்? ஏறக்குறைய இரண்டரை கிராம். அவ்வளவுதான். அதில் தூசி நூற்றில் ஒரு பங்கு, அதாவது 0.025 கிராம். இந்தத் துளித் தூசியை 0.1 மைக்ரான் ஆரமுள்ள துகள்களாகப் பிரித்தால் சுமார் இரண்டு லட்சம் கோடி துகள்கள் வரும். அவற்றின் குறுக்குப் பரப்புகளைக் கூட்டிப் பாருங்கள்: 600 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டர் திறப்பை 600 தடவை அடைக்கும் அளவு. ஒரு தடவை அடைத்தாலே ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் தப்பி வரும். 600 தடவை என்றால் தப்பும் வாய்ப்பை எழுதவே தசமப் புள்ளிக்குப் பின் 200 பூச்சியங்களுக்கு மேல் போட வேண்டும். மூலம் எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் இதன்முன் எடுபடாது. இந்தத் தூசியில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் இருந்தால்கூட ஒளி 400-ல் ஒன்றாகிவிடும்.

நம் பால்வீதியின் மையமே இதற்கு உதாரணம். 26,000 ஒளியாண்டு தூரத்தில், நம் கேலக்ஸியின் தட்டிலுள்ள சாதாரணத் தூசிக்குப் பின்னால் அது இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் லட்சம் கோடியில் ஒன்றுதான் நம்மை அடைகிறது. ஆனால் 2.2 மைக்ரான் அகச்சிவப்பில் பார்த்தால் ஏறக்குறைய பத்தில் ஒன்று வந்துவிடுகிறது. அலைநீளம் துகளின் அளவைவிட நீளமாகும்போது தூசியால் அதைத் தடுக்க முடிவதில்லை. ரைன்ஹார்ட் கென்செல், ஆண்ட்ரியா கெஸ் ஆகியோரின் குழுக்கள் அந்த அகச்சிவப்பில்தான் மையத்தைச் சுற்றும் விண்மீன்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 40 லட்சம் சூரிய எடை கொண்ட கருந்துளையை நிறுவினார்கள். 2020-ல் நோபல் பரிசும் பெற்றார்கள்.

தூசிக்கு ஒரு பலவீனம் உண்டு. சூடு தாங்காது. கருந்துளையை நோக்கி நகரும் ஒரு துகளைக் கவனியுங்கள். மேலே விழும் புற ஊதாவை விழுங்கிச் சூடேறுகிறது. ஏறிய சூட்டை அகச்சிவப்பாக வெளியே விடுகிறது. இன்னும் நெருங்க நெருங்க வெப்பம் 1000 கெல்வின், 1200 கெல்வின் என்று ஏறி, 1500 கெல்வினைத் தொடும் இடத்தில் துகள் ஆவியாகிவிடுகிறது. சிலிக்கேட் முன்னால் போகும், கிராஃபைட் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அதைத் தாண்டி உள்ளே தூசியே கிடையாது, வெறும் வாயுதான். இந்த எல்லை எங்கே என்பதை உள்ளிருக்கும் வெளிச்சம் தீர்மானிக்கிறது: வெளிச்சம் நான்கு மடங்கானால் எல்லை இரண்டு மடங்கு தூரம் தள்ளிப் போகும். லட்சம் கோடி சூரியன்கள் அளவு ஒளிரும் குவேசாரில் அது ஓரிரு ஒளியாண்டு தூரத்தில் இருக்கும்.

இதை நேரடியாக அளந்தும் இருக்கிறார்கள். என்.ஜி.சி 4151 என்ற அருகிலுள்ள கேலக்ஸியின் மையம் அவ்வப்போது பிரகாசம் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கம் 2.2 மைக்ரான் அகச்சிவப்பில் சுமார் 50 நாள் தாமதமாகத் தெரிகிறது. மையத்தின் ஒளி தூசியைச் சென்றடைந்து, தூசி சூடேறி, அந்த வெப்பம் நம்மை நோக்கிக் கிளம்ப ஆகும் கூடுதல் நேரம் அது. ஆக, தூசியின் உள்விளிம்பு 50 ஒளி-நாள் தூரத்தில் இருக்கிறது. இங்கே இன்னொரு விஷயமும் புரிந்திருக்கும்: தூசி ஒளியை அழிப்பதில்லை, அகச்சிவப்பாக மாற்றி அனுப்புகிறது. மறைந்தவற்றைத் தேட இது பின்னால் பெரிய உதவியாகிறது.

இப்போது வாயு. கண்ணுக்குத் தெரியும் ஒளி பெரும்பாலும் வாயுவின் ஊடாகச் சிரமமில்லாமல் வந்துவிடும். சில குறிப்பிட்ட நிறங்களில் மட்டும் வெட்டு விழும். ஆனால் எக்ஸ் கதிரை வாயு விழுங்கிவிடும். அதிலும் ஹைட்ரஜன் பெரிய பங்கு வகிப்பதில்லை. வாயுவில் மிகக் கொஞ்சமாகக் கலந்திருக்கும் கார்பன், ஆக்சிஜன், இரும்பு போன்றவற்றின் உள்கூட்டு எலக்ட்ரான்கள்தான் எக்ஸ் கதிரைப் பிடித்துக்கொள்கின்றன. ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிர் முதலில் அடிபடும். வாயு கூடக் கூட ஆற்றல் அதிகமானவையும் ஒவ்வொன்றாக மறையும். நான் மேலே சொன்ன இரண்டரை கிராம் கணக்கு வரும்போது 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (எக்ஸ் கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) கீழே நேரடியாக ஒன்றும் தப்பாது. அதற்கு மேலே உள்ளவையும் எலக்ட்ரான்களில் மோதிச் சிதறத் தொடங்கிவிடும். இந்த நிலையைக் "காம்ப்டன் தடிமன்" என்கிறார்கள். அப்போது உள்ளே எரியும் எக்ஸ் கதிரின் அடையாளமாக நமக்குக் கிடைப்பது, சுற்றியிருக்கும் வாயுவிலுள்ள இரும்பு 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் திருப்பி உமிழும் ஒற்றைக் கோடு. மற்ற எல்லாம் அடங்கிக் கிடக்கும்போது அது ஓங்கி நிற்கும். அதைப் பார்த்தாலே உள்ளே ஏதோ கடுமையாக மறைந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

தூசி இல்லாத உள்பகுதியில் வாயு மட்டும் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். அந்த வாயு எக்ஸ் கதிரைத் தடுக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்காது. அதனால்தான் சில குவேசார்கள் சாதாரணத் தொலைநோக்கியில் பளிச்சென்று இருந்தும் எக்ஸ் கதிரில் மங்கிக் கிடக்கின்றன. எக்ஸ் கதிரை வைத்துக் கணக்கிட்ட மறைப்பும், தூசி நீல ஒளியைக் கூடுதலாகத் தடுப்பதால் ஒளிக்கு வரும் சிவப்பேற்றத்தை வைத்துக் கணக்கிட்ட மறைப்பும் அடிக்கடி ஒத்துப்போகாததற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம், "எப்படித் தெரிந்தது" என்ற கேள்வி. அதற்கு ஒரே ஒரு கேலக்ஸியின் கதையைச் சொன்னால் போதும். என்.ஜி.சி 1068, மெசியர் 77 என்றும் பெயர். திமிங்கலம் விண்மீன் கூட்டத்தில், வான நடுக்கோட்டின் மேலேயே இருப்பதால் நம் ஊர்களிலிருந்து டிசம்பர், ஜனவரி மாலைகளில் நல்ல உயரத்தில் வரும். தூரம் சுமார் 4.7 கோடி ஒளியாண்டு. நகர வெளிச்சம் இல்லாத இடத்தில் சின்னத் தொலைநோக்கியிலேயே, மங்கலான மூட்டத்தின் நடுவில் கூர்மையான புள்ளி போலத் தெரியும். 1943-ல் கார்ல் சீஃபர்ட் இதையும் சேர்த்து, மையம் மட்டும் அசாதாரணமாக ஒளிரும் சில கேலக்ஸிகளின் நிறமாலையை, அதாவது நிறவாரியாகப் பிரித்த ஒளியை, ஆராய்ந்து வெளியிட்டார். 1974-ல் கச்சிக்கியானும் வீட்மேனும் இந்த வகைக் கேலக்ஸிகளை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் வகையில் ஹைட்ரஜன் கோடுகள் (ஹைட்ரஜன் தனக்கே உரிய நிறங்களில் உமிழும் ஒளி) மிக அகலம். வாயு விநாடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது என்று பொருள். அவ்வளவு வேகம் கருந்துளைக்கு மிக அருகில்தான் சாத்தியம். இரண்டாம் வகையில் விநாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகம் காட்டும் குறுகிய கோடுகள் மட்டும்தான். என்.ஜி.சி 1068 இரண்டாம் வகை. அங்கே வேகமான வாயு இல்லவே இல்லையா, இல்லை, இருந்தும் நமக்குத் தெரியவில்லையா?

இதற்குப் பதில் சொன்ன 1985-ம் ஆண்டு ஆய்வு எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது. ராபர்ட் அன்டோனுச்சியும் ஜோசப் மில்லரும் கலிஃபோர்னியாவின் லிக் ஆய்வகத்தில் இருந்த மூன்று மீட்டர் தொலைநோக்கியில் என்.ஜி.சி 1068-ன் ஒளியைப் பிரித்தார்கள். பிரித்தது நிறவாரியாக மட்டுமல்ல, அதிர்வு திசைவாரியாகவும்கூட. நேரடியாக வரும் ஒளியில் அலைகள் எல்லாத் திசையிலும் கலந்து அதிரும். எதிலாவது பட்டுச் சிதறி வந்த ஒளியில் ஒரு திசை மேலோங்கும்; அதைத்தான் தளவிளைவு என்கிறோம். சந்துக்குள் நிற்கும் லாரியின் ஹெட்லைட் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்குத் தெரியாது, ஆனால் சந்துக்கு மேலே பனிமூட்டம் இருந்தால் அதில் பட்ட வெளிச்சம் தெரியும். அதுபோலச் சிதறி வந்த பங்கை மட்டும் தனியாக எடுத்து நிறமாலை போட்டுப் பார்த்தார்கள். அகலமான ஹைட்ரஜன் கோடுகள் அதில் அப்படியே இருந்தன! முதல் வகைக் கேலக்ஸியின் நிறமாலை, இரண்டாம் வகைக்குள் ஒளிந்திருந்தது.

இன்னும் ஒரு விவரத்தையும் அதே தரவு சொல்லியது. தளவிளைவின் திசை, மையத்திலிருந்து கிளம்பும் ரேடியோ தாரையின் (ரேடியோ அலையில் தெரியும், பீச்சியடிக்கும் பொருளோட்டம்) அச்சுக்குச் செங்குத்தாக இருந்தது. அப்படியென்றால் ஒளி தாரையின் திசையில், துருவத்தின் வழியாகத் தப்பி மேலே போய், அங்கிருந்த எலக்ட்ரான்களில் பட்டு நம் பக்கம் திரும்பியிருக்கிறது. பக்கவாட்டில் வழியில்லை. நடுவில் கருந்துளை, சுற்றிலும் தடித்த வளையமாகத் தூசியும் வாயுவும். நாம் மேலிருந்து பார்த்தால் முதல் வகை, விளிம்புப் பக்கமாகப் பார்த்தால் இரண்டாம் வகை. இரண்டு வகையும் ஒன்றே என்ற "ஒருங்கிணைந்த மாதிரி" இப்படித்தான் காலூன்றியது. எலக்ட்ரான்களில் சிதறும் ஒளி எப்படித் தளவிளைவு அடையும் என்பதை விண்மீன்களுக்காக 1946-லேயே கணக்கிட்டுக் காட்டியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அந்த வளையத்தை நேரடியாகப் பார்க்க இன்னும் இருபது ஆண்டுகள் பிடித்தன. சிலியில் உள்ள பெருந்தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றுசேர்த்து, 2004-ல் வால்டர் யாஃபே குழுவினர் என்.ஜி.சி 1068-ன் மையத்தை அளந்தார்கள். நடுவில் 800 கெல்வினுக்கு மேல் சூடான சிறு பகுதி. அதைச் சூழ்ந்து 320 கெல்வின் வெப்பத்தில் 11 ஒளியாண்டு அகலமும் 7 ஒளியாண்டு தடிமனும் கொண்ட தூசி. 320 கெல்வின் என்பது நம் ஊர் சித்திரை மதியத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். 2016-ல் அல்மா ரேடியோ தொலைநோக்கி வரிசை அதே இடத்தில் குளிர்ந்த வாயுவின் தட்டைக் கண்டது. 2022-ல் மாட்டிஸ் என்ற கருவி பல அகச்சிவப்பு அலைநீளங்களில் வெப்பநிலை வரைபடம் போட்டு, கருந்துளை தடித்த வளையத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது என்பதை உறுதிப்படுத்தியது.

ஆனால் வளையத்தை அசையாத சுவராக நினைத்துக்கொள்ள வேண்டாம். பாடப்புத்தகப் படங்கள் அந்த எண்ணத்தைத்தான் விதைக்கின்றன, அது பாதிதான் சரி. தெற்கு வானத்திலுள்ள என்.ஜி.சி 1365-ல், எக்ஸ் கதிர் மறைப்பு சில நாட்களுக்குள் கூடி, குறைந்து, மறுபடியும் மாறியிருக்கிறது. தனித்தனி வாயு முகில்கள் மையத்தின் குறுக்கே கடந்துபோவதைத்தான் கண்டிருக்கிறார்கள். இவ்வளவு வேகமாகக் கடப்பதென்றால் அந்த முகில்கள் தூசி எல்லைக்கு உள்ளே, கருந்துளைக்கு மிக அருகில் இருக்கின்றன. நம்மிடமிருந்து 1.3 கோடி ஒளியாண்டில் உள்ள சிர்சினஸ் கேலக்ஸியிலோ, நடு அகச்சிவப்பு வெளிச்சத்தில் பெரும்பகுதி வளையத்திலிருந்து வரவில்லை, துருவத் திசையில் நீண்டிருக்கும் தூசியிலிருந்து வருகிறது. வெளிச்சத்தின் அழுத்தம் தூசியை மேல்நோக்கி ஊதித் தள்ளுகிறது. உள்ளே விழுவது, மேலே எழுவது, திரும்பி விழுவது என்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் பொருளைத்தான் நாம் வளையம் என்று அழைக்கிறோம்.

தூசியும் வாயுவும் கைகோக்கும் இடமும் இதுதான். வெறும் வாயுவை ஒளியால் அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. தூசி கலந்த வாயுவைப் பல மடங்கு எளிதாகத் தள்ளிவிடும், ஏனென்றால் ஒளி பிடித்துத் தள்ளப் பெரிய பரப்பு கிடைக்கிறது. 2017-ல் கிளாடியோ ரிச்சி தலைமையிலான குழு, ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் கண்ட 836 மையங்களை ஆராய்ந்து இதைக் காட்டியது. கருந்துளை தன் எடைக்கு ஏற்ற உச்ச வெளிச்சத்தில் சில சதவீதத்தைத் தாண்டியதும், மறைந்திருக்கும் மையங்களின் விகிதம் சட்டென்று சரிகிறது. அதாவது வேகமாகத் தீனி எடுக்கும் கருந்துளை தன் மூடியைத் தானே ஊதிவிடுகிறது. எந்தக் கோணத்தில் பார்க்கிறோம் என்பது முக்கியம்தான். கருந்துளை எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அதற்குச் சமமாக முக்கியம். கோணத்தை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிடலாம் என்ற பழைய நம்பிக்கை இனி செல்லாது.

மறைந்தவை எத்தனை என்ற கணக்குக்கு வேறொரு வழியில் துப்பு கிடைத்தது. 1962-ல் ரிக்கார்டோ ஜக்கோனி குழு ஒரு ராக்கெட்டில் எக்ஸ் கதிர் உணரிகளை அனுப்பியபோது வானம் முழுக்க ஒரு மெல்லிய எக்ஸ் கதிர் ஒளிர்வு இருப்பது தெரிந்தது. அதன் உச்சம் 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் இருக்கிறது. மறைப்பில்லாத குவேசார்களை எத்தனை கூட்டினாலும் அப்படியொரு உச்சம் வராது. ஆற்றல் குறைந்த கதிர்களை வாயு விழுங்கிவிட்ட மையங்கள் ஏராளமாக இருந்தால்தான் வரும். இதை 1989-ல் ஜான்கார்லோ செட்டியும் லோடேவைக் வோல்ட்யரும் எடுத்துச் சொன்னார்கள்.

அதைச் சரிபார்க்கும் வேலையைப் பெரிதும் செய்தது 1999 ஜூலையில் ஏவப்பட்ட சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கி. சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது. தெற்கு வானில் முழுநிலவைவிடச் சிறிய ஒரு பகுதியை மொத்தம் 70 லட்சம் விநாடி, அதாவது 81 நாள் அளவுக்கு, பல ஆண்டுகளில் பிரித்துப் பிரித்துப் பார்த்தது. 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே அந்த ஒளிர்வின் பெரும்பகுதி தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்துவிட்டது. அவற்றில் ஏராளமானவை மறைந்திருந்த கருந்துளைகள். 30-க்கு அருகே இன்னும் அப்படி ஆகவில்லை. 2012-ல் ஏவப்பட்ட நூஸ்டார் எக்ஸ் கதிர் தொலைநோக்கியாலும் 8 முதல் 24 வரையிலான பகுதியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே பிரித்துக் காட்ட முடிந்திருக்கிறது. அருகில் உள்ள மையங்களில் நான்கில் ஒன்று காம்ப்டன் தடிமன் கொண்டது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு.

இந்தக் கணக்கு ஏன் அவசியம் என்று கேட்கலாம். 1982-ல் ஆண்ட்ஜெய் சோல்டன் சொன்ன வாதம்தான் காரணம். குவேசார்கள் இதுவரை உமிழ்ந்த மொத்த ஒளியைக் கூட்டினால், கருந்துளைகள் இதுவரை எவ்வளவு பொருளை விழுங்கின என்பது கிடைத்துவிடும். அது இன்றைய கேலக்ஸிகளில் உள்ள கருந்துளைகளின் மொத்த எடையோடு ஒத்துப்போக வேண்டும். மறைந்தவற்றை விட்டுவிட்டால் பேரேடு இடிக்கும். கருந்துளைகள் எப்படி இவ்வளவு எடை பெற்றன என்பதற்கு விடை இருக்காது.

அகச்சிவப்பு வழியை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூசி விழுங்கியது வெப்பமாக வெளியே வந்தாக வேண்டும் என்பதால், 1983-ல் ஐராஸ் செயற்கைக்கோள் முதல் தேடல் நடக்கிறது. இரண்டு கேலக்ஸிகள் மோதும்போது வாயு மையத்துக்குப் பாய்ந்து, கருந்துளை எல்லாப் பக்கமும் மூடிக்கொள்வதை அப்படித்தான் அறிந்தோம். வைஸ் செயற்கைக்கோள் கண்ட டபிள்யூ2246-0526 என்ற கேலக்ஸி 350 லட்சம் கோடி சூரியன்கள் அளவு ஒளிர்கிறது. 1250 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய அந்த ஒளியில் பெரும்பகுதி, தூசியின் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது.

ஒளியே அல்லாத ஒரு தூதும் உண்டு. தென்துருவத்துப் பனிக்கடியில் ஒரு கன கிலோமீட்டர் கொள்ளளவில் உள்ள ஐஸ்கியூப் உணரி, என்.ஜி.சி 1068-ன் திசையிலிருந்து சுமார் 79 நியூட்ரினோக்கள் (எதிலும் எளிதில் மோதாமல் ஊடுருவிச் செல்லும் நுண்துகள்கள்) அதிகமாக வந்திருப்பதாக 2022 நவம்பரில் அறிவித்தது. தூசியோ வாயுவோ நியூட்ரினோவுக்கு ஒரு பொருட்டே இல்லை. நியூட்ரினோ உருவாகும் இடத்தில் அதே ஆற்றலில் காமா கதிரும் உருவாக வேண்டும், ஆனால் அது வரவில்லை. அதை விழுங்கியது தூசியும் அல்ல, வாயுவும் அல்ல. கருந்துளையை ஒட்டி நெருக்கியடித்து நிற்கும் எக்ஸ் கதிர்களே விழுங்கியிருக்க வேண்டும். அதனால் இந்த நியூட்ரினோக்கள் கருந்துளையின் வாசலிலிருந்தே கிளம்பியவை என்று கருதுகிறார்கள்.

கடைசியாக, ஜேம்ஸ் வெப். 2022-ல் பணியைத் தொடங்கியதுமே அதன் படங்களில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் நிறைய வந்தன. பெரும்பாலானவை பிரபஞ்சம் பிறந்து 60 கோடி முதல் 150 கோடி ஆண்டுகளுக்குள் இருந்தவை. மிகச் சிறியவை, சிவப்பானவை, பலவற்றில் அகலமான ஹைட்ரஜன் கோடுகள். மேலே சொன்னதை எல்லாம் வைத்துப் பார்த்தால் முடிவு எளிதாகத் தோன்றும்: தூசிக்குப் பின்னால் இருக்கும் கருந்துளைகள். பலரும் முதலில் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் தூசி இருந்தால் அதன் வெப்பம் எங்கே? சூடான தூசிக்கான நடு அகச்சிவப்பு ஏற்றம் எதிர்பார்த்த அளவு இல்லை. அல்மாவில் குளிர்ந்த தூசியும் தென்படவில்லை. எக்ஸ் கதிரிலும் பெரும்பாலானவை தெரியவில்லை. சந்திராவின் மிக ஆழமான படங்களில் பல புள்ளிகளின் தரவை ஒன்றாகக் கூட்டியும்கூட. தூசி இல்லை, எக்ஸ் கதிரும் இல்லை என்றால் சந்தேகம் தானாகவே வாயுவின் மேல் விழுகிறது. 2025-ல் அலசப்பட்ட ஒரு புள்ளி, செங்குத்துப் பாறை என்ற பொருளில் "தி கிளிஃப்" என்று பெயர் பெற்றது, இந்த வாதத்துக்கு வலு சேர்த்தது. கிட்டத்தட்ட 1200 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒளி அது. அதன் நிறமாலை 364.6 நானோமீட்டருக்கு அருகே திடீரென்று சரிகிறது. தூசி நிறமாலையைச் சாய்வாகத்தான் குறைக்கும், இப்படிச் செங்குத்தாக வெட்டாது. விண்மீன் கூட்டமும் இவ்வளவு கூர்மையான வெட்டைத் தராது. இரண்டாம் ஆற்றல் மட்டத்தில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் ஏராளமாகக் குவிந்திருந்தால் மட்டும் இது நடக்கும். அதற்கு வாயு மிக அடர்த்தியாக இருக்க வேண்டும். கருந்துளையை எல்லாப் பக்கமும் போர்த்திய வாயு உறை, விண்மீனின் மேற்பரப்பு போலத் தானே ஒளிர்கிறது என்பது முன்வைக்கப்படும் விளக்கம். "கருந்துளை விண்மீன்" என்றுகூடப் பெயர் வைத்துவிட்டார்கள்.

இது சரியானால் விளைவுகள் நிறைய. தூசி மறைத்திருக்கிறது என்று எண்ணி, மறைந்த ஒளியைத் திருப்பிச் சேர்த்துப் போட்ட கணக்குகளில் கருந்துளையின் வெளிச்சமும் எடையும் மிகையாகிவிட்டன. கோடுகளின் அகலத்திலும் ஒரு பங்கு, வாயு சுழலும் வேகத்தால் வராமல், அடர்ந்த வாயுவின் எலக்ட்ரான்களில் ஒளி சிதறுவதால் வந்திருக்கலாம் என்று சில குழுக்கள் வாதிடுகின்றன. அப்படியானால் எடை இன்னும் குறையும், பிரபஞ்சத்தின் குழந்தைப் பருவத்திலேயே இவ்வளவு பெரிய கருந்துளைகள் எப்படி வந்தன என்ற நெருக்கடியும் கொஞ்சம் தளரும். எல்லாச் சிவப்புப் புள்ளிகளும் ஒரே ரகமா என்பதில் இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை. சிலவற்றில் தூசியும் இருக்கக்கூடும். அதைத் தீர்க்க உதவும் ஒரு வசதி இப்போது கிடைத்திருக்கிறது. இதே குணங்கள் கொண்ட சில புள்ளிகள் நமக்கு ஒப்பீட்டளவில் அருகிலும், ஒன்றிரண்டு நூறு கோடி ஒளியாண்டு தூரத்திலேயே, கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. அவற்றின் ஒளியைத் தரையில் இருக்கும் தொலைநோக்கிகளிலேயே விரிவாகப் பிரித்துப் பார்த்துவிடலாம்.